கூட்டம் ஆடுவதெல்லாம் நல்ல நகர்வா? – செஸ் மென்பொருள் கேள்வி பதில்

செஸ் எஞ்சின், அதாவது தானே செஸ் ஆடும் நிரல், எழுதுகிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதே கடிதங்களைப் பிரித்த பிறகுதான் தெரிகிறது. பாதிக்கு மேல் ஓப்பனிங் புக் பற்றிய கேள்விகள். அதனால் இந்த முறை வேறு எதையும் தொடவில்லை.

கேள்வி: பைத்தானில் சின்னதாக ஒரு செஸ் எஞ்சின் எழுதியிருக்கிறேன். ஆட்டம் தொடங்கியதும் ஒரு குதிரையை சி3-ல் கொண்டுவந்து வைக்கிறது, அப்புறம் இன்னொரு குதிரையை எஃப்3-ல். நூறு ஆட்டம் ஆடினாலும் இதே கதை. ஓப்பனிங் புக் வைத்தால் சரியாகும் என்கிறான் நண்பன். அது என்ன, எப்படிச் செய்வது? – கல்லூரி மாணவர், கோவை

உங்கள் எஞ்சின்மேல் தப்பு இல்லை. குதிரை நடுப்பலகைக்கு அருகில் இருந்தால் கூடுதல் புள்ளி என்று நீங்களே ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்திருப்பீர்கள், அது நாலைந்து நகர்வு ஆழம் பார்த்துவிட்டு சுலபமாகக் கிடைக்கிற புள்ளியைப் பொறுக்கிக்கொள்கிறது. இருபது நகர்வு தள்ளி சிப்பாய்களின் அமைப்பு எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதன் கண்ணுக்கு எட்டாது. மனிதர்கள் நூற்றைம்பது வருடமாக ஆடித் தோற்றுக் கற்றுக்கொண்டதை ஒரு ஃபைலில் போட்டுக் கையில் கொடுத்தால் அதுதான் ஓப்பனிங் புக்.

புக் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். "பலகை இப்படி இருந்தால் இந்த நகர்வுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு எடை" என்கிற பட்டியல், அவ்வளவுதான். எஞ்சின் யோசிக்கத் தொடங்குமுன் அதில் தேடும். கிடைத்தால் எடைக்குத் தகுந்தபடி குலுக்கிப்போட்டு ஒன்றை எடுக்கும், கிடைக்காவிட்டால் புக்கை மூடிவிட்டுச் சொந்தமாக யோசிக்கும். குலுக்கல் இருப்பதால் நூறு ஆட்டமும் ஒரே ஆட்டமாக இருக்காது.

செய்கிற வழி: ஆட்டங்கள் பதிவான பிஜிஎன் ஃபைல் ஒன்று வேண்டும். பாலிகிளாட் என்ற இலவச நிரல் வேண்டும். இதை எழுதியவர் ஃப்ரூட் எஞ்சினைச் செய்த ஃபாபியன் லெதூஸே. அதில் 'மேக்-புக்' என்ற கட்டளைக்கு பிஜிஎன்னைக் கொடுத்தால் 'பின்' (.bin) ஃபைல் ஒன்றைத் தரும். அதை வாசிக்கிற வசதி, நீங்கள் அநேகமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பைத்தான்-செஸ் நூலகத்திலேயே இருக்கிறது. எடைப்படி குலுக்கி எடுக்கும் செயல்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சாயங்கால வேலை. ஆனால் நல்ல புக் செய்வது ஒரு சாயங்கால வேலை இல்லை, அது கீழே வரும் கேள்விகளில்.

கேள்வி: ஆட்டங்களை எங்கே எடுப்பது? காசு கொடுத்து வாங்க வசதி இல்லை. – மதுரை

காசே வேண்டாம். இங்கிலாந்தில் மார்க் கிரௌதர் என்பவர் 1994 முதல் 'தி வீக் இன் செஸ்' என்று வாராவாரம் உலகப் போட்டிகளின் ஆட்டங்களைத் தொகுத்து பிஜிஎன்னாகப் போட்டுக்கொண்டிருக்கிறார், ஒரு வாரத்துக்குச் சில ஆயிரம் ஆட்டங்கள் இருக்கும். புக் செய்கிறவர்கள் பலரும் இதில்தான் தொடங்குகிறார்கள். பலகைமேல் நேருக்கு நேர் உட்கார்ந்து, நிதானமாக ஆடிய ஆட்டங்கள் என்பது இதன் பெரிய பலம்.

இன்னொன்று லீசெஸ் என்ற இணைய செஸ் தளம். தளத்தில் ஆடப்படும் ரேட்டிங் ஆட்டங்கள் எல்லாவற்றையும் மாதவாரியாகப் பொதுச்சொத்தாக வெளியிடுகிறார்கள். இப்போதெல்லாம் ஒரு மாதத்துக்கே சுமார் ஒன்பது கோடி ஆட்டம். சுருக்கிய நிலையிலேயே ஏறத்தாழ 30 ஜிபி, அவிழ்த்தால் ஏழு மடங்கு. லேப்டாப்பில் அவிழ்த்துப்பார்க்க ஆசைப்பட்டு வட்டை நிரப்பிக்கொள்ளாதீர்கள், அவிழ்க்க அவிழ்க்க அப்படியே வடிகட்டி வேண்டியதை மட்டும் எழுதுகிற மாதிரி நிரல் எழுதுங்கள். பழகிப்பார்க்க 2013 ஜனவரி ஃபைல் போதும், அதில் 1,21,332 ஆட்டங்கள்தான்.

எஞ்சின்களுக்குள் நடந்த ஆட்டங்கள் வேண்டுமென்றால் சிசிஆர்எல் தரவரிசைப் பட்டியல் நடத்துகிறவர்கள் தங்கள் ஆட்டங்களைத் தரவிறக்கக் கொடுக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை, எஞ்சின் ஆட்டங்களில் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வு பெரும்பாலும் யாரோ கொடுத்த புக்கிலிருந்தே வந்திருக்கும். அதை வைத்து நீங்கள் புக் செய்தால் அடுத்தவர் புக்கை நகல் எடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: லீசெஸ் ஆட்டங்கள் சில கோடி சேர்த்து புக் செய்தேன். கறுப்புக் காயில் ஆடும்போது வெள்ளையின் டி4-க்குப் பதில் நகர்வாக இ5 என்று சிப்பாயைச் சும்மா கொடுக்கிறது! இவ்வளவு ஆட்டம் இருந்தும் ஏன் இப்படி? – மென்பொருள் பணியாளர், சென்னை

இவ்வளவு ஆட்டம் இருப்பதால்தான் இப்படி.

நீங்கள் சொல்வது எங்லண்ட் காம்பிட். வெள்ளை டி4, கறுப்பு இ5, வெள்ளை வெட்டுகிறது. கறுப்பு குதிரையை சி6-க்குக் கொண்டுவர, வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வருகிறது. கறுப்பு ராணி இ7, வெள்ளை பிஷப் எஃப்4. இப்போது ராணி பி4-க்கு வந்து செக். பிஷப் டி2-க்குத் திரும்பி மறைக்க, ராணி பி2-ல் உள்ள சிப்பாயைத் தின்கிறது. இந்த இடத்தில் பழக்கமில்லாதவர் கை தானாகவே பிஷப்பை சி3-க்குத் தள்ளும், ராணியைத் துரத்துகிறோம் என்ற நினைப்பில். கறுப்பு பிஷப் பி4-க்கு வந்து அதைக் கட்டிப்போட்டதும் வெள்ளையின் கதை முடிந்தது. சி3-க்குப் பிஷப்புக்குப் பதில் குதிரையை வைத்திருந்தால் வெள்ளை சௌகரியமாக ஜெயிக்கும் நிலை. ஆனால் 1200 ரேட்டிங்கில் ஐந்து நிமிட ஆட்டம் ஆடுகிறவர்களில் அந்தக் குழியில் விழுகிறவர்கள் ஏராளம், அவர்கள் ஒவ்வொருவர் விழும்போதும் உங்கள் புக்கில் இ5-க்கு எடை கூடுகிறது.

அதனால் முதலில் வடிகட்டல். இரண்டு பேருக்கும் ரேட்டிங் குறைந்தபட்சம் இவ்வளவு என்று வைக்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் வைத்தால் பலசாலி பலவீனரை அடித்த ஆட்டங்களாகச் சேர்ந்து, அவர் ஆடிய விளையாட்டுத்தனமான ஓப்பனிங் எல்லாம் அற்புதமாகத் தெரியும். லீசெஸ் ரேட்டிங், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங்கைவிடப் பொதுவாகத் தாராளமானது என்பதையும் நினைவில் வையுங்கள், அங்கே 2000 என்றால் மயங்க வேண்டாம். அப்புறம் நேரக்கட்டுப்பாடு. ஒரு நிமிட ஆட்டத்தில் ராணி அதிகமாக வைத்திருந்தவர் கடிகாரம் விழுந்து தோற்றிருப்பார், அந்தத் தோல்விக்கும் அவர் ஆடிய மூன்றாவது நகர்வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிஜிஎன் தலைப்பில் ஆட்டம் நேரத்தில் முடிந்ததா என்பது தனி வரியாக இருக்கிறது, பார்த்துத் தள்ளிவிடலாம்.

பெரிய மனிதர்கள் ஆட்டங்களிலும் குப்பை உண்டு. 2022 செப்டம்பரில் ஓர் இணையப் போட்டியில் மாக்னஸ் கார்ல்சன், ஹான்ஸ் நீமனுக்கு எதிராக ஒரே ஒரு நகர்வு ஆடிவிட்டு, நீமன் சி4 என்று இரண்டாவது நகர்வை வைத்ததும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து எழுந்து போனார். நீமன் ஏமாற்றுகிறார் என்ற சந்தேகம்தான் காரணம் என்பது உலகத்துக்கே தெரியும். உங்கள் நிரலுக்குத் தெரியாது, அதன் கணக்கில் சி4 உலக சாம்பியனையே இரண்டு நகர்வில் சாய்த்த பிரம்மாஸ்திரம். இதற்கு எளிய மருந்து, பத்துப் பதினைந்து நகர்வுக்குள் முடிந்த ஆட்டங்களை மொத்தமாக விலக்கிவிடுவது. இன்னும் கொஞ்சம் தாராளமாக இருபதுக்குள் முடிந்த டிராக்களையும் விலக்கலாம். ருய் லோபஸ் என்ற ஓப்பனிங்கில் பெர்லின் தடுப்பு ஆடி, ராணியால் ராணியை மாற்றி மாற்றித் துரத்தி 14 நகர்வில் கைகுலுக்கிவிட்டுப் போகிற ஒரு வரிசை இருக்கிறது, கிராண்ட்மாஸ்டர்கள் ஓய்வு வேண்டும் என்று நினைக்கிற நாளில் ஆடுவது. அதை உங்கள் எஞ்சினும் கற்றுக்கொண்டு எல்லோரிடமும் டிரா செய்துகொண்டிருக்கும்.

இரட்டைப் பதிவுகளையும் மறக்க வேண்டாம். நாலைந்து டேட்டாபேஸைக் கலந்தால் ஒரே ஆட்டம் "ஆனந்த், வி", "ஆனந்த், விஸ்வநாதன்", "விஸ்வநாதன் ஆனந்த்" என்று மூன்று பெயரில் வரும், மூன்று தடவை எண்ணப்படும். பெயரை வைத்து ஒப்பிட்டால் பிடிபடாது, நகர்வுகளை வைத்து ஒப்பிட வேண்டும். பிஜிஎன்-எக்ஸ்ட்ராக்ட் என்ற பழைய, பொன்னான இலவச நிரல் இதைச் செய்யும். ரேட்டிங், நீளம், முடிவு என்று மேலே சொன்ன வடிகட்டல்களில் பெரும்பாலானவற்றையும் அதிலேயே முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: எடை எடை என்கிறீர்களே, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வெற்றி சதவீதம்தானே? – பள்ளி ஆசிரியர், திருச்சி

இல்லை சார், பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாலிகிளாட் செய்வது இன்னும் எளிமையான கணக்கு. அந்த நகர்வை ஆடியவர் ஜெயித்தால் 2, டிரா என்றால் 1, தோற்றால் 0. எல்லாவற்றையும் கூட்டினால் எடை. எண் ரொம்பப் பெரிதானால் சுருக்கிக்கொள்ளும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிலையில் 'அ' என்ற நகர்வை ஆயிரம் பேர் ஆடி 300 வெற்றி, 200 டிரா, 500 தோல்வி என்று வைத்துக்கொள்வோம். எடை 800. 'ஆ' என்ற நகர்வை நூறு பேர் ஆடி 50 வெற்றி, 30 டிரா, 20 தோல்வி. எடை 130. எஞ்சின் குலுக்கும்போது ஏழில் ஆறு தடவை, பாதிக்குப் பாதி தோற்ற நகர்வுதான் வரும். கூட்டம் நிற்கிற ஹோட்டலில்தான் சாப்பாடு நன்றாக இருக்கும் என்கிற கணக்கு. பல சமயம் சரியாகவும் இருக்கும் என்பதால்தான் இந்த முறை இத்தனை வருடம் தாக்குப்பிடிக்கிறது. நல்ல ஆட்டக்காரர்கள் மட்டும் உள்ள டேட்டாபேஸில் மோசமான நகர்வை ஆயிரம் பேர் ஆட மாட்டார்கள் என்பது அடிப்படை நம்பிக்கை.

அந்த நம்பிக்கை உடைகிற இடத்துக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் நம்ம ஊர்க்காரர்தான். 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன் ஆன ஆனந்த், 1988-ல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கொலம்பியாவின் அலோன்சோ ஜபாட்டாவுடன் கறுப்புக் காயில் ஆடுகிறார். பெட்ரோவ் தடுப்பு. வெள்ளை இ4, கறுப்பு இ5, இரண்டு பக்கமும் ராஜா பக்கக் குதிரைகள் வெளியே வருகின்றன. வெள்ளை இ5 சிப்பாயை வெட்ட, டி6 என்று கறுப்பு துரத்த, குதிரை எஃப்3-க்குத் திரும்புகிறது. கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டுகிறது. இதுவரை எல்லோரும் ஆடுவதுதான். ஐந்தாவது நகர்வில் வெள்ளை இன்னொரு குதிரையை சி3-க்குக் கொண்டுவந்து இ4 குதிரையைக் கேட்கிறது. ஆனந்த் பிஷப்பை எஃப்5-ல் வைத்து அதற்குக் காவல் கொடுத்தார்.

ஜபாட்டா ராணியை இ2-க்கு ஒரு கட்டம் நகர்த்தினார். ஆட்டம் முடிந்தது, ஆனந்த் அந்த இடத்திலேயே விட்டுக்கொடுத்தார். ஏன் என்று பலகையை எடுத்து வைத்துப் பாருங்கள். இ வரிசை திறந்து கிடக்கிறது. குதிரைக்குப் பின்னால் நேரே ராஜா, அதனால் குதிரை அசைய முடியாது. டி5 என்று காவலைக் கூட்டினால் வெள்ளை டி3 என்று சிப்பாயைத் தள்ளும், குதிரை போயிற்று. ராணியை இ7-ல் கொண்டுவந்து மறைத்தால் வெள்ளைக் குதிரை டி5-ல் குதித்து ராணியையும் சி7-ஐயும் ஒருசேர மிரட்டும்.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஏன் அதை ஆடினார்? முந்தைய வருடம் சான் பிரான்சிஸ்கோவில் டோனி மைல்ஸ், லாரி கிறிஸ்டியன்சன் என்ற இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய ஆட்டத்தில் இதே பிஷப் நகர்வு வந்திருந்தது, வெள்ளையில் ஆடிய மைல்ஸ் ராணியை இ2-ல் வைக்காமல் வேறு ஆட, ஆட்டம் டிராவில் முடிந்து அச்சிலும் வந்துவிட்டது. அச்சில் வந்த கிராண்ட்மாஸ்டர் ஆட்டம், முடிவு டிரா. இதைவிட நம்பகமான ஆதாரம் என்ன வேண்டும்? பாலிகிளாட்டும் அதையேதான் சொல்லியிருக்கும், டிரா ஒன்று, எடை 1. பீல் ஆட்டத்தையும் சேர்த்தபிறகும் எடை 1-தான், தோல்விக்குப் பூஜ்யம் என்பதால் குறையவே குறையாது!

இந்த மாதிரி ஒற்றைக்கொரு ஆட்டத்தில் வந்தவற்றைக் கழிக்கத்தான் மேக்-புக்கில் 'மின்-கேம்' என்ற அமைப்பு இருக்கிறது. அதில் மூன்று என்று வைத்தால், மூன்று ஆட்டத்திலாவது வராத நகர்வு புக்கில் ஏறாது. கிராண்ட்மாஸ்டர் ஆட்டங்களுக்கு மூன்று, ஐந்து போதும். இணைய ஆட்டங்களுக்கு நூறுகூடக் குறைவுதான், ஏனென்றால் அங்கே எந்த அபத்தமும் நூறு பேராவது ஆடியிருப்பார்கள். 'மேக்ஸ்-பிளை' என்று இன்னொன்று, எத்தனை அரை நகர்வு வரை எடுப்பது என்பது. 24 அல்லது 30 வைத்தால் பக்கத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து நகர்வு. அதற்குமேல் ஆழம் போனால் ஒவ்வொரு கிளையிலும் ஆட்டங்கள் மெலிந்து, ஒருவர் ஆடியதை இன்னொருவர் நகலெடுத்ததுதான் மிஞ்சும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் ஒரு வேலை செய்வேன். புக்கில் உள்ள ஒவ்வொரு நகர்வையும் ஸ்டாக்ஃபிஷ் என்ற பலம் வாய்ந்த எஞ்சினிடம் கொடுத்து நகர்வுக்குச் சில விநாடி யோசிக்கச் சொல்லி, ஒரு சிப்பாய்க்கு மேல் நஷ்டம் என்று சொல்வதையெல்லாம் வெட்டி எறிவேன். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போனால் காலையில் தயாராக இருக்கும். எஃப்5 பிஷப்பெல்லாம் அரை விநாடியில் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: பின் ஃபைலைத் திறந்தால் வெறும் கிறுக்கலாக இருக்கிறது. நானே சி மொழியில் அதைப் படிக்க நிரல் எழுத வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது? – ஈரோடு

அழகான எளிய அமைப்பு, எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. தலைப்பு கிலைப்பு எதுவும் கிடையாது, பதினாறு பதினாறு பைட்டாக வரிசையாக நிற்கும். முதல் 8 பைட் பலகை நிலையின் சாவி எண். அடுத்த 2 பைட் நகர்வு. அடுத்த 2 எடை. கடைசி 4 பைட் எஞ்சின் கற்றுக்கொள்வதற்கென்று ஒதுக்கியது, பெரும்பாலும் பூஜ்யமாக இருக்கும். எல்லாம் சாவி எண் வரிசையில் அடுக்கியிருப்பதால் பாதி பாதியாகப் பிரித்துத் தேடலாம், பத்து லட்சம் பதிவு இருந்தாலும் இருபது தடவை பார்த்தால் கிடைத்துவிடும், ஃபைலின் அளவும் 16 எம்பிதான்.

சாவி எண் செய்கிற யோசனை 1970-ல் ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் சொன்னது. ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ராண்டம் எண் முன்கூட்டியே வைத்துக்கொண்டு, பலகையில் இருக்கிற காய்களின் எண்களையெல்லாம் எக்ஸார் செய்வது. 12 வகைக் காய், 64 கட்டம், ஆக 768 எண்கள். காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) உரிமைக்கு 4, ஆன் பாஸானுக்கு (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயை வெட்டும் விதி) 8, யார் ஆட வேண்டும் என்பதற்கு 1. மொத்தம் 781. இந்த எண்களை நீங்களாகத் தயாரிக்கக் கூடாது, பாலிகிளாட் வெளியிட்ட அதே 781-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், ஒன்று மாறினாலும் சாவி பொருந்தாது. நிலையை வைத்துத் தேடுவதால், டி4 முதலில் ஆடி சி4 பிறகு ஆடினாலும், சி4 முதலில் ஆடி டி4 பிறகு ஆடினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேரும். நகர்வு வரிசையை வைத்து புக் செய்திருந்தால் இது கிடைக்காது.

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் மூன்று. எண்கள் பெரிய பைட் முதலில் வரும்படி எழுதப்பட்டவை, நம் கணினிகள் பெரும்பாலும் சின்ன பைட்டை முதலில் வைப்பவை, திருப்பிப் படிக்க வேண்டும். காஸ்லிங்கை ராஜா தன் யானையையே வெட்டுவதுபோல எழுதியிருப்பார்கள், அதாவது இ1-லிருந்து ஜி1 என்று இருக்காது, இ1-லிருந்து எச்1 என்று இருக்கும். மூன்றாவதுதான் தலைவலி: சிப்பாய் இரண்டு கட்டம் தாவியதும் ஆன் பாஸான் எண்ணைச் சேர்த்துவிடக் கூடாது, அதை வெட்டுகிற இடத்தில், அதாவது பக்கத்துக் கட்டத்தில், எதிரிச் சிப்பாய் நின்றால் மட்டும்தான் சேர்க்க வேண்டும். இதை விட்டால் முதல் நகர்வுக்கு புக் வேலை செய்யும், இ4 ஆடியதுமே ஒன்றும் தெரியாதது போல நிற்கும். ஆட்டம் தொடங்கும் நிலைக்கு சாவி 463பி96181691எஃப்சி9சி என்று வர வேண்டும், பதினாறு அடிமான எண். அது வந்தால் பாதிக் கிணறு தாண்டினீர்கள், இ4-க்குப் பிறகும் புக் பதில் சொன்னால் முழுக் கிணறு.

கேள்வி: உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த ஐபிஎம் கணினி டீப் ப்ளூவுக்கு கிராண்ட்மாஸ்டர்கள் ஓப்பனிங் எழுதிக் கொடுத்தார்களாமே, அப்படியானால் ஜெயித்தது கணினியா மனிதர்களா? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்

எழுதிக் கொடுத்தது உண்மை, அதில் ஒளிவுமறைவும் இல்லை, ஐபிஎம் குழுவே கட்டுரையாக எழுதியிருக்கிறது. சுமார் 4,000 நிலைகள், முக்கியமாக கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் கையால் தேர்ந்தெடுத்தவை, கூட இன்னும் மூன்று கிராண்ட்மாஸ்டர்கள். ஒவ்வொரு நிலையையும் டீப் ப்ளூவையே ராத்திரி முழுக்க ஓடவிட்டுச் சரிபார்த்தார்கள்.

எனக்கு அதைவிடச் சுவாரசியம் அவர்கள் வைத்திருந்த இரண்டாவது ஏற்பாடு. கையால் எழுதிய புக் தீர்ந்த இடத்தில், ஏழு லட்சம் ஆட்டங்கள் கொண்ட டேட்டாபேஸிலிருந்து ஒரு 'நீட்டித்த புக்'. அதில் நகர்வை நேரடியாக ஆடுவது அபூர்வம். ஒரு நகர்வை எத்தனை பேர் ஆடினார்கள், ஆடியவர்கள் எவ்வளவு பலசாலிகள், சமீபத்தில் ஆடப்பட்டதா, முடிவுகள் என்ன, விமர்சகர்கள் ஆச்சரியக்குறி போட்டார்களா கேள்விக்குறி போட்டார்களா என்று பலவற்றையும் கலந்து அந்த நகர்வுக்குக் கொஞ்சம் கூடுதல் புள்ளி மட்டும் கொடுப்பார்கள், மீதியை இயந்திரம் யோசித்து முடிவு செய்யும். வெற்றி-டிரா-தோல்வியைக் கூட்டுகிற நம் கணக்கைவிட எத்தனையோ மேல். இன்றைக்கு வீட்டில் புக் செய்கிறவர்கள்கூட இதில் 'சமீபத்தில் ஆடப்பட்டதா' என்ற ஒன்றையாவது எடுத்துக்கொள்ளலாம், பழைய நகர்வு வழக்கொழிந்ததற்கு அநேகமாக ஒரு காரணம் இருக்கும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 1997 மே 11, ஆறாவது ஆட்டம், இருவரும் சமநிலையில். காரோ-கான் தடுப்பில் ஏழாவது நகர்வாகக் காஸ்பரோவ் எச்6 ஆட, டீப் ப்ளூ குதிரையை இ6-ல் பலி கொடுத்தது, 19 நகர்வில் காஸ்பரோவ் தோற்றார். அந்தப் பலி புக்கிலிருந்து வந்தது, இயந்திரம் யோசித்ததில்லை. குழுவில் இருந்த மிகேல் இய்யெஸ்காஸ் பிற்காலத்தில் ஒரு பேட்டியில், அதைச் சேர்த்ததே அன்று காலையில்தான் என்றார். ஆனால் பலி கொடுத்த பிறகு காய்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து நெரித்தது இயந்திரம்தான். காஸ்பரோவுக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஓப்பனிங் ஞானம் இருந்ததே, அதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை. என் கணக்கில் ஜெயித்தது கணினிதான்.

கேள்வி: இன்றைய ஸ்டாக்ஃபிஷ் போன்ற அசுர எஞ்சினுக்கு புக் தேவையா? – சிங்கப்பூர்

பலத்துக்காக என்றால் பெரிதாகத் தேவையில்லை. ஸ்டாக்ஃபிஷ்ஷுக்குள் புக் படிக்கிற வசதியே இப்போது கிடையாது, அரீனா, க்யூட் செஸ் போன்ற வெளி மென்பொருள்தான் புக்கை வைத்து ஆடிக் கொடுக்கும். 2017-ல் கூகுளின் டீப்மைண்ட் செய்த ஆல்ஃபாஜீரோ என்ற நிரல் ஸ்டாக்ஃபிஷ்ஷை 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா என்று ஒரு தோல்வியும் இல்லாமல் வென்றபோது, "ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு புக் கொடுக்காமல் ஆடவைத்தீர்கள்" என்று பலர் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த வருடம் வந்த முழுக் கட்டுரையில் நல்ல புக் கொடுத்தும் ஆடிப் பார்த்திருந்தார்கள், அப்போதும் ஆல்ஃபாஜீரோதான்.

தேவைப்படுகிற இடம் வேறு, சோதனை. இரண்டு அசுரர்களைத் தொடக்க நிலையிலிருந்து ஆடவிட்டால் கிட்டத்தட்ட எல்லாம் டிரா, எது மேல் என்றே தெரியாது. அதனால் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த ஓப்பனிங்குகளைத் தொகுக்கிறார்கள். ஸ்டெஃபான் போல் என்பவர் மனித ஆட்டங்களிலிருந்து எடுத்த யுஹெச்ஓ தொகுப்புகள் அந்த வகை, ஸ்டாக்ஃபிஷ் குழுவும் சோதனைக்கு அப்படிப்பட்டதைத்தான் வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஓப்பனிங்கையும் நிறம் மாற்றி இரண்டு தடவை ஆடுவதால் யாருக்கும் அநியாயம் இல்லை. இங்கே எடையே வேண்டாம், எல்லா வரிசையும் சமம். மேக்-புக்கில் 'யூனிஃபார்ம்' என்று கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை போட்டுவிடும்.

கேள்வி: அடுத்தவர் ஆட்டங்களை எடுத்து புக் செய்து வெளியிட்டால் காப்புரிமைப் பிரச்சினை வருமா? – நாகர்கோவில்

நகர்வுகள் மட்டும் என்றால் பொதுவாக வராது, அவை நடந்த சம்பவத்தின் பதிவு. 2016 உலக சாம்பியன்ஷிப் சமயத்தில் நகர்வுகளை மற்ற தளங்கள் உடனுக்குடன் வெளியிடக் கூடாது என்று போட்டி நடத்தியவர்கள் நியூயார்க் நீதிமன்றத்தில் தடை கேட்டார்கள், நீதிபதி மறுத்துவிட்டார். நம் ஊர் சட்டத்துக்கு வக்கீலைக் கேளுங்கள். விமர்சனக் குறிப்புகள் வேறு விஷயம், அவை எழுதியவருக்குச் சொந்தம். புக் ஃபைலில் குறிப்பு எதுவும் போகாது என்பதால் அந்தக் கவலை குறைவு. ஒருவர் உழைத்துச் செய்த புக்கை அப்படியே எடுத்துப் பெயர் மாற்றி வெளியிடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், செய்யாதீர்கள்.

கேள்வி: நான் செய்த புக்கை போனில் வைத்து ஆட முடியுமா? சிடிஜி என்ற ஃபைலும் கையில் இருக்கிறது. – திருநெல்வேலி

ஆண்ட்ராய்டு என்றால் டிராய்ட்ஃபிஷ் போதும், இலவசம். பின், சிடிஜி இரண்டையும் படிக்கும், அரீனாவின் ஏபிகே-யையும் படிக்கும். சிடிஜி என்பது செஸ்பேஸ் நிறுவனத்தின் சொந்த அமைப்பு, அதனுடன் சிடிஓ, சிடிபி என்று கூடவே வரும் இரண்டு ஃபைலையும் அதே இடத்தில் வைக்க வேண்டும், ஒன்றை மட்டும் நகலெடுத்தால் திறக்காது. வெள்ளைக்கு ஒரு புக், கறுப்புக்கு ஒரு புக் என்று தனித்தனியாகச் செய்திருந்தால் பாலிகிளாட்டின் 'மெர்ஜ்-புக்' இரண்டையும் ஒன்றாக்கித் தரும். ஒரே நிலை இரண்டிலும் இருந்தால் முதலில் கொடுத்த ஃபைலுக்கே முன்னுரிமை, அதனால் உங்களுக்கு நம்பிக்கையான புக்கை முதலில் கொடுங்கள்.